பல்லுக்கும் ஒரு மெயின்டனன்ஸ் ஷெட்யூல்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியது ஏறக்குறைய பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் என்னை ஃபோனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், பசங்களுக்குப் பிரயோஜனமா ஒரு சப்ஜெக்ட் எடுத்துக்கோ" என்றார். "பல்லைப் பற்றிப் பேசறேன் அண்ணே" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, நீ மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். 2010-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன் நான். அன்று முதல் பிளான்ட் மெயின்டனன்ஸில்தான் இருக்கிறேன். பம்ப், பேரிங், கியர் பாக்ஸ், இதுதான் என் பிழைப்பு. டாக்டர் இல்லை. ஆனால் 2021-ல் எனக்கு ஒரு சம்பவம் நடந்தது. அதற்குப் பிறகு பல்லைப் பற்றி டாக்டரிடம் கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்து கொண்டேன். இருபது வயதில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு நாள் மாலை வீட்டில் முறுக்கு தின்று கொண்டிருந்தேன். இடது பக்கம் கீழ்க் கடைவாயில் ஒரு பல் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. நாக்கால் தள்ளிப் பார்த்தேன். ஆடியது. வலி? துளிகூட இல்லை. சொத்தை? அதுவும் இல்லை. பார்க்க முத்து மாதிரி முழுப் பல். எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

பல் டாக்டரம்மா ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். அதில் மில்லிமீட்டர் கோடு போட்டிருந்தது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் அளந்து, உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக் கொண்டே வந்தார். "மூணு, மூணு, அஞ்சு, ஆறு..." நாம் ஃபீலர் கேஜ் வைத்து கிளியரன்ஸ் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நல்ல ஈறில் ஒன்றிலிருந்து மூன்று மி.மீ. இருக்கும். நாலுக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். என்னுடைய அந்தப் பல்லில் எட்டு. எக்ஸ்ரேயில் பார்த்தால் பல்லைப் பிடித்திருக்க வேண்டிய எலும்பு பெரும்பாலும் இல்லை.

"பிரஷ் பண்ணும்போது ரத்தம் வந்திருக்குமே, எத்தனை வருஷமா வருது?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். நம் ஹாஸ்டல் வாஷ் பேசினில் நான் துப்பிய நுரை இளஞ்சிவப்பாக இருந்தது ஞாபகம் வந்தது. பக்கத்து ரூம் நண்பன் பார்த்துவிட்டு, "டேய், ரத்தம்டா" என்றான். "பிரஷ் புதுசுடா" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு கிளாசுக்குப் போய்விட்டேன். அவன் இன்று இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு வருஷம். ஒரு மிஷின் பன்னிரண்டு வருஷம் ஆயில் லீக் ஆகியும் லாக் புக்கில் நான் எழுதவே இல்லை.

அந்தப் பல் போய்விட்டது. இன்னும் இரண்டு பல்லை ஈறு சிகிச்சை செய்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றிக் கொள்ளலாம், அவ்வளவுதான்.

என்னதான் நடக்கிறது?

பல்லைப் பிடுங்க வைக்கும் வியாதி முக்கியமாக இரண்டு. ஒன்று சொத்தை, இன்னொன்று ஈறு நோய். ஒன்றில் மிஷினே அரித்துப் போகிறது. மற்றதில் மிஷின் நன்றாக இருக்கிறது, ஃபவுண்டேஷன் போய்விடுகிறது.

இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே. பல்லின் மேல் படியும் ஒரு வழவழப்பான படலம். காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் தெரியும். அது உணவுத் துணுக்கு இல்லை, கிருமிகளின் குடியிருப்பு. கூலிங் டவரில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே படியும் பாசி வழுக்கலை மருந்து ஊற்றி மட்டும் போக்க முடியுமா? மேல் பகுதி சாகும், அடியில் இருப்பது பிழைத்துக் கொள்ளும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வாயும் அப்படித்தான். மவுத் வாஷ் ஊற்றிக் கொப்பளித்தால் மணம் வரும், படலம் போகாது.

தேய்க்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து அது கெட்டியாகிக் காரையாகிறது. பாய்லர் ட்யூபில் ஸ்கேல் பிடிப்பது மாதிரி. அதற்குப் பிறகு பிரஷ் பலிக்காது, டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சொத்தை. பல்லின் எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான பொருள். எடையில் 96 சதவீதம் தாது உப்பு. ஆனால் அமிலத்துக்கு அது தாங்காது. பி.எச். ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் கரைய ஆரம்பிக்கும். நாம் சர்க்கரை சாப்பிட்டால் கிருமிகளும் சாப்பிட்டு அமிலம் விடுகின்றன. ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர் 1940-களில் இதை அளந்து காட்டினார். சர்க்கரைத் தண்ணீர் பட்ட சில நிமிஷங்களில் பி.எச். சரசரவென்று இறங்குகிறது. எச்சில் அதை மெல்ல மெல்லச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

இந்த கிராஃபைப் பார்த்ததும் எனக்கு நைட் ஷிஃப்ட்தான் ஞாபகம் வந்தது. ஃபிளாஸ்க்கில் சர்க்கரை போட்ட டீ, மணிக்கு ஒரு தடவை அரை டம்ளர். மொத்தமாகப் பார்த்தால் நான் சாப்பிட்ட சர்க்கரை கொஞ்சம்தான். ஆனால் ராத்திரி முழுக்க என் பல் அமிலத்தில் ஊறியிருக்கிறது. எனவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஒரு கல்யாணத்தில் ஜாங்கிரியைச் சாப்பாட்டோடு சாப்பிட்டு வாய் கொப்பளித்து முடித்துவிடலாம். பரீட்சைக்குப் படிக்கும்போது மணிக்கொரு தரம் பிஸ்கட்டும் கூல் டிரிங்ஸும் என்று போனால், எச்சில் வந்து ரிப்பேர் செய்ய நேரமே கிடைக்காது.

சொத்தையில் ஒரு சௌகரியம், அது வலிக்கும். வலித்தால் நாம் ஓடுவோம். ஆனால் வலிக்கும்போது அது நரம்பு வரை போயிருக்கும். சின்ன ஃபில்லிங்கில் முடிய வேண்டியது ரூட் கேனால் ஆகிறது. கிராம்பு வைத்தால் வலி மரத்துப் போகும், ஓட்டை அடையாது. அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டு ஃபால்ட் சரியாகிவிட்டது என்று சொல்கிற கதைதான் அது.

வலிக்காத வியாதி

ஈறு நோயில் அந்தச் சௌகரியமும் இல்லை. இதைப் பற்றி நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர் இரண்டிலும் முக்கியமானவர்.

முதலாவது 1965-ல் டென்மார்க்கில் நடந்தது. ஆரோக்கியமான ஈறு உள்ள பன்னிரண்டு பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆகிவிட்டது. அதாவது முதல் கட்டத்தில் இது முழுக்கத் திரும்பக் கூடியது. மருந்து கூட வேண்டாம், பிரஷ் போதும்.

இரண்டாவது ஆய்வு நம் மனதைத் தொடக் கூடியது. 1970-ல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்தார்கள். அவர்கள் நம் தமிழர்கள். நம் ஊர்களிலிருந்து பிரிட்டிஷ்காரன் காலத்தில் கப்பலேறிப் போனவர்களின் சந்ததி. 15 வருஷம், 1985 வரை, திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். பல்லைக் காப்பதற்கான எந்தத் திட்டமும் எந்தச் சிகிச்சையும் அந்த ஜனங்களை எட்டியதே இல்லை. பிரஷ் போட்டுத் துலக்கும் வழக்கமும் இல்லை. நம் பாஷையில் சொன்னால், மெயின்டனன்ஸே செய்யாமல் ஓடவிட்ட மிஷின் எப்போது நிற்கும் என்ற ரெக்கார்டு. உலகத்தில் எந்தப் பல் மருத்துவ மாணவரும் இந்த ரெக்கார்டைப் படித்துத்தான் ஆக வேண்டும். அதன் பின்னால் கொழுந்து மூட்டை சுமந்த நம்மவர்களின் வாய் இருக்கிறது என்பதை நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முடிவு என்ன? அவர்களில் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே விழுந்த பல்லெல்லாம் ஈறு நோயால் விழுந்ததுதான். எல்லாருக்கும் காரை, எல்லாருக்கும் ஈறு வீக்கம். ஆனால் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் கெடவில்லை. சுமார் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல் போகவில்லை. 81 சதவீதம் பேருக்கு நிதானமாகக் கெட்டது. 45 வயதில் சராசரியாக ஏழு பல் போயிருந்தது. மீதி 8 சதவீதம் பேருக்கு 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 35-ல் பன்னிரண்டு, 40-ல் இருபது, 45-ல் எல்லாப் பல்லும் போய்விட்டது.

தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். "எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்லை, எண்பது வயசுல கரும்பு கடிச்சார்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. பொய்யில்லை, தாத்தா அந்தப் பதினொரு சதவீதத்தில் இருந்திருப்பார். நீங்கள் எந்தக் கோஷ்டி? இருபது வயதில் கண்ணாடியில் பார்த்தால் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது ஒரு பல் ஆடிக் கொண்டிருந்தது.

இரண்டு விஷயம் இதை வேகப்படுத்தும். ஒன்று சர்க்கரை வியாதி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். இன்னொன்று புகையிலை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் குறைவதால் ரத்தம் அதிகம் கசியாது. அதனால் அந்த எச்சரிக்கையும் கிடைக்காமல் போய்விடுகிறது. பாக்கு, புகையிலையை வாயில் அடக்கிக் கொள்பவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வாய்ப் புற்றுநோய். வாயில் வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

இனி என் ஷெட்யூலைச் சொல்கிறேன். எல்லாம் டாக்டரம்மா சொன்னதுதான்.

1. காலையில் ஒரு முறை, படுக்கப் போகும் முன் ஒரு முறை, இரண்டு நிமிஷம் துலக்க வேண்டும். ஒரு வேளையை விட்டே தீர வேண்டும் என்றால் காலையை விடுங்கள், ராத்திரியை விடாதீர்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லுக்குக் காவல் இல்லை.

2. சாஃப்ட் பிரஷ் போதும். பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, தூரிகை பல்லும் ஈறும் சேருமிடத்தில் படுமாறு வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் துலக்க வேண்டும். ஃபைல் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் கழுத்துப் பகுதி தேய்ந்து பல் கூச ஆரம்பிக்கும். செங்கல் பொடி, கரித்தூள், சாம்பல் எல்லாம் எமரி பேப்பர் மாதிரி. வெளுப்பாகத் தெரியும், தேய்ந்த எனாமல் முளைக்காது. வேப்பங்குச்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைவாயின் உள்பக்கத்துக்கு அது போகாது.

3. ரத்தம் வருகிற இடத்தைத் துலக்காமல் விடுவது நாம் எல்லாரும் செய்கிற தப்பு. அங்கேதான் படலம் இருக்கிறது. மெதுவாக, ஆனால் கவனமாக அந்த இடத்தைத் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

4. பல் இடுக்கில் பிரஷ் போகாது. அதற்கு ஃப்ளாஸ் நூலோ, இடுக்குக்கென்று விற்கும் குட்டி பிரஷ்ஷோ வேண்டும். ஊக்கு, ஸ்டேப்ளர் பின், காம்பஸ் முனை எல்லாம் வேண்டாம். சிரிக்கிறீர்கள், எனக்கு ஹாஸ்டல் தெரியும்.

5. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் வாங்குங்கள். துப்பிவிட்டு, தண்ணீர் விட்டு நிறையக் கொப்பளிக்காதீர்கள். வீட்டில் மூன்று வயதுக்குள் குழந்தை இருந்தால் ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதும்.

6. எலுமிச்சை ஜூஸ், கூல் டிரிங்ஸ் குடித்த உடனே துலக்க வேண்டாம். எனாமல் அப்போது மிருதுவாக இருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

7. வாய் நாற்றத்துக்கு ஏலக்காய் தேட வேண்டாம். பெரும்பாலும் காரணம் நாக்கின் பின்பகுதியும் ஈறும்தான். நாக்கையும் வழியுங்கள்.

8. வருஷத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னால் ஸ்கேலிங் செய்து கொள்ளுங்கள். "ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்" என்று ஒரு பேச்சு உண்டு. எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்துக் கொண்டிருக்கும். காரை போனதும் ஏற்கனவே இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே. துரு தட்டினதால்தான் பைப்பில் ஓட்டை விழுந்தது என்று யாராவது நம்மிடம் சொன்னால் ஒத்துக் கொள்வோமா? அதே மாதிரி, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதும் கட்டுக்கதை.

ஃப்ளோரைடு என்றதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. உங்கள் பக்கத்தில் நிலத்தடி நீரில் அது அதிகமாகி, குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை விழுவதை நாம் பார்த்திருக்கிறோம். இதே கறையை அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் மெக்கே என்ற பல் டாக்டர் 1901 முதல் கவனித்தார். கறை இருந்தது, சொத்தை குறைவாக இருந்தது. காரணம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு என்று 1931-ல் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஒரு அலுமினியக் கம்பெனியின் கெமிஸ்ட், சர்ச்சில் என்று பெயர். எல்லாம் டோசேஜ்தான். நம் நாட்டுத் தர அளவுப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், அதிகமாகக் குடித்தால்தான் கறை விழும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றினால் இன்னும் செறிவாகும். அந்த மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததற்குக் காரணமே இதுதான். எத்தனை பல் டாக்டர்கள் சேர்ந்தாலும் முடியாததைப் பைப் லைன் போட்டு இன்ஜினியர்கள் செய்தார்கள் என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

முடிக்கப் போகிறேன். மதியச் சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

இந்த அரங்கில் சுமார் நானூறு பேர் இருக்கலாம். அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேர். அவர்களுக்குப் பிரஷ் கொடுக்கவோ ஈறைச் சுத்தம் செய்யவோ அன்று யாரும் இல்லை. நமக்கு எல்லாம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு பல் டாக்டர் இருக்கிறார். அரசு மருத்துவமனையிலும் பல் மருத்துவக் கல்லூரியிலும் குறைந்த செலவில் பார்க்கிறார்கள். இருந்தும் நான் போகவில்லை. ஸ்கேலிங்குக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்து, அதைப் போலப் பல மடங்கு செலவழித்து ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ போட்டுக் கொண்டிருக்கிறேன். நல்ல மெட்டீரியல்தான், ஃபிட்டிங்கும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் ஒரிஜினல் ஸ்பேர் மாதிரி வராது சார்.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு மாணவர்கள் ஹாஸ்டலில் சேர்ந்ததும், ஒரு பல் டாக்டரை அழைத்து வந்து ஈறு ஆழத்தை அளந்து ஒரு கார்டில் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். நான்காம் ஆண்டில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு ரீடிங் இருந்தால் எந்த மிஷின் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடலாம். முதல் வருஷச் செலவை எங்கள் 2010 பேட்ச் ஏற்றுக் கொள்கிறது. நண்பர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், சாப்பாட்டின் போது அவர்கள் என்னைத் திட்டலாம்.

தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி துலக்கித் துப்பும்போது நுரையின் நிறத்தை ஒரு தடவை பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சந்தோஷம். சிவப்பாக இருந்தால், "பிரஷ் புதுசு" என்று மட்டும் சொல்லிக் கொள்ளாதீர்கள்.